நீர்க்கட்டி சொன்ன காரணம்

மேல்கண்டிகையில் கன்னியப்பன் ஒரு சொல் சொல்லிவிட்டால் அதற்கு மேல் சாட்சி கேட்கிற வழக்கம் கிடையாது. அவன் பணக்காரன் அல்ல. முக்கால் காணி நிலமும் ஒரு ஜோடி வண்டி மாடும்தான் சொத்து. படித்தவனும் அல்ல. கையெழுத்துப் போடுவான், அவ்வளவுதான். ஆனால் அவன் ஊர் ஏரியின் நீர்க்கட்டி. சாலவாக்கத்துக்குத் தெற்கே இருந்த அந்தச் சிற்றூரில் எந்த வயலுக்கு எந்த நாள் எத்தனை நேரம் தண்ணீர் என்று தீர்மானித்து மடை திறப்பவன் அவன்தான்.

ஏரி நிரம்பி மதகு திறக்கும் நாளில் நீர்க்கட்டி முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டும். இரண்டு கைகளிலும் தண்ணீரை அள்ளிக்கொண்டு, ஊரார் முன்னால், "பொய் சொல்ல மாட்டேன், ஓரம் சொல்ல மாட்டேன்" என்று சொல்லி அதைத் திரும்ப ஏரியிலேயே விட வேண்டும். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுவதும் அவன் சொல்லை எவரும் எதிர்த்துக் கேட்கக் கூடாது. கேட்க ஆரம்பித்தால் வரப்புக்கு வரப்பு மண்வெட்டி தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான் என்று ஊருக்குத் தெரியும். நாளடைவில் அந்த நம்பிக்கை தண்ணீரைத் தாண்டியும் போய்விட்டது. மாடு மேய்ந்த வழக்கு, வேலித் தகராறு, பெண் வீட்டாருக்கும் பிள்ளை வீட்டாருக்கும் பேச்சு மாறிய விவகாரம், எல்லாவற்றிலும் "நீர்க்கட்டிய கேளு" என்பதே கடைசி வார்த்தை.

பத்தொன்பது வருஷம் அவன் அந்த வார்த்தையைக் காப்பாற்றினான். இருபதாவது வருஷம், 1981ஆம் ஆண்டு மாசி மாதத்தில், பெற்றெடுக்காத பிள்ளை ஒருவனுக்காக அதைப் பறிகொடுத்தான்.

அந்தப் பிள்ளையின் பெயர் முத்துவேல். வயது பதினான்கு. கன்னியப்பனின் மனைவி தேவகிக்கு அவளுடைய முதல் புருஷன் மூலம் பிறந்தவன். அந்த முதல் புருஷன் சடையப்பன் லாரி டிரைவர். டயர் திருடிய வழக்கில் சிறைக்குப் போய், வெளியே வந்த ஆறே மாதத்தில் காமாலை கண்டு செத்துப்போனான். மூன்று வயதுக் குழந்தையோடு நின்ற தேவகியை, உறவுமுறையெல்லாம் முகம் சுளிக்க, கன்னியப்பன் கட்டிக்கொண்டான். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அந்தக் குழந்தை அவன் வேட்டியைப் பிடித்து இழுத்து "நைனா" என்றது. அந்த ஒரு சொல்லுக்கு அவன் அடிமையாகிப் போனான். தனக்கென்று வேறு குழந்தை பிறக்காதது அவனுக்குக் குறையாகவே தோன்றவில்லை.

பையன் அமைதியானவன். அதிகம் பேச மாட்டான். ஏழு வயதில் கால்வாயில் சிறிய பள்ளத்தை மண் வைத்து மறித்து, தண்ணீரையெல்லாம் கையால் இறைத்து வெளியே விட்டு, உள்ளே மாட்டிக்கொண்ட மீன் குஞ்சுகள் துள்ளி அடங்கும்வரை அசையாமல் உட்கார்ந்து பார்ப்பான். பிறகு அவற்றைத் தொடக்கூட மாட்டான். எழுந்து போய்விடுவான். பிள்ளைக்கு மீன் என்றால் ஆசை என்று நினைத்துக்கொண்டான் கன்னியப்பன். அன்பு கண்ணைக் கட்டிவிட்டால் மனிதன் எதைத்தான் பார்க்கிறான்!

அந்த மாசியில் தாயாரம்மாளின் கிணற்று மோட்டார் நின்றது. தாயாரம்மாள் ஊரிலேயே அதிக நிலம் உள்ள விதவை. யாரோ கொட்டகைக்குள் புகுந்து, மோட்டாரின் மூடியைக் கழற்றி, உள்ளே சுற்றியிருந்த செம்புக் கம்பியை அறுத்து எடுத்துப் போயிருந்தார்கள். காஞ்சிபுரத்துக்கு எடுத்துப் போய் மறுபடி கம்பி சுற்றி வர எட்டு நாள் ஆயிற்று. பால் பிடிக்கிற பயிர் அந்த எட்டு நாளில் வெளுத்துப்போனது.

முத்துவேலும், காலனியில் இருக்கும் மேரியின் மகன் ஞானதாசும் கம்பி திருடு போன அன்று மத்தியானம் கொட்டகைப் பக்கம் ஒன்றாக நடந்துபோனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். திரும்பி வரும்போது முத்துவேல் மட்டும் வந்ததையும் பார்த்திருந்தார்கள். போலீஸ் வந்தது. விசாரித்த அரை மணி நேரத்தில் முத்துவேல் தானாகவே போய்க் கால்வாய்ச் சேற்றில் புதைத்திருந்த கம்பியைக் காட்டினான். ஒரு முழம்கூட விற்கவில்லை. அப்படியே இருந்தது. செங்கல்பட்டில் சிறுவர்களை வைத்திருக்கும் இல்லத்துக்கு அவனைக் கொண்டுபோனார்கள்.

அன்று முதல் ஊரில் ஆளுக்கொரு காரணம் முளைத்தது.

"ரத்தம்பா, ரத்தம்!" என்றாள் தாயாரம்மாள் கன்னியப்பனிடம், வெளுத்த பயிரின் நடுவே நின்றுகொண்டு. "அப்பன் டயர உருட்டினான். புள்ள கம்பிய சுருட்டினான். அஞ்சு வயசுலயே சொன்னேன், இது திருட்டுப் பயன்னு. நீதான் தோள்ல தூக்கிக்கினு திரிஞ்ச."

சாலவாக்கத்து டெண்டுக் கொட்டகையில் ஓடும் சினிமாவைக் கை காட்டினார் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். டீக்கடையில் வேறு பேச்சு. "பெத்தவனா இருந்தா நாலு வெச்சிருப்பான். கன்னியப்பன் கை ஓங்குவானா? ஓங்கினா, நீ யாருடா அடிக்கறதுக்குன்னு ஊரு கேட்டுருமேன்னு பயம். அந்த பயத்துலயே புள்ள கெட்டுச்சு." அவன் காதில் விழ வேண்டும் என்றே உரக்கச் சொன்னார்கள். விழுந்தது. தைத்தது.

தேவகி சோறு தண்ணீர் இல்லாமல் மூலையில் கிடந்தாள். "அவன் வயித்துல இருந்தப்போ அந்த மனுசன் ஜெயில்ல கீறானேன்னு பத்து மாசமும் அழுதுகினு இருந்தேன். அந்த அழுகதான் இப்ப இவன் கையா வந்து நிக்குது. யார சொல்றது? நான்தான் காரணம்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

எந்தக் காரணம் நிஜம் என்று கன்னியப்பன் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், உத்திரமேரூரில் தெரிந்த ஏட்டு ஒருவர் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இத கேளு. நன்னடத்தை அதிகாரி ஊருக்கு வருவாரு. ரிப்போர்ட் எழுதுவாரு. அதுல காரணம்னு ஒரு கட்டம் கீது. அதுதான் தலையெழுத்து. ரத்தம், புத்தி அப்டின்னு எழுதினா பையன் பதினெட்டு வயசு வரைக்கும் சீர்திருத்தப் பள்ளிதான். வூடு சரியில்லன்னு எழுதினாலும் வூட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. கெட்ட சேர்க்கைன்னு எழுதினாருன்னு வையி, சேர்க்கைய பிரிச்சுட்டு, உன் ஜாமீன்ல பையன வுட்ருவாங்க. புரிஞ்சுதா?"

புரிந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கன்னியப்பன் காரணங்களை ஒன்றோடு ஒன்று நிறுத்துப் பார்த்துக்கொண்டே வந்தான். இப்போது அவன் தேடியது நிஜமான காரணத்தை அல்ல. பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவரும் காரணத்தை. அந்த வேறுபாடு அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் தேடினான்.

செங்கல்பட்டு இல்லத்தில் பெற்றோர் பார்க்கும் நாள் ஞாயிற்றுக்கிழமை. பெரிய கூடத்தில், மற்ற பையன்களின் தாய்மார் அழுகைக்கு நடுவே, முத்துவேல் வந்து எதிரில் உட்கார்ந்தான். மொட்டையடித்திருந்தார்கள். கண்கள் மட்டும் பழையபடி அமைதியாக இருந்தன.

"ஏன்டா ராசா எடுத்த? பசியா? படம் பாக்கவா? அந்தம்மா திட்டினாளேன்னா? தாசு கூப்பிட்டானா?"

பையன் ஒவ்வொன்றுக்கும் தலையை அசைத்தான். இல்லை, இல்லை, இல்லை.

"தாசு வேணாண்டான்னுதான் சொன்னான். கைய புடிச்சு இழுத்தான். நான் வரலேன்னதும் ஆட்ட ஓட்டிக்கினு போயிட்டான்."

"அப்பறம் இன்னாத்துக்குடா?"

முத்துவேல் சற்று யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "அது நின்னா இன்னா ஆவும்னு பாக்கலாம்னு இருந்துச்சு நைனா."

ஊர் சொன்ன காரணங்களில் எதிலும் இது இல்லையே! ரத்தமாக இருந்தால்கூடத் தேவலை என்று அந்த நிமிஷத்தில் கன்னியப்பனுக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தை அப்படியே நெரித்துப் போட்டான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, பிள்ளையின் காதருகே குனிந்தான்.

"இத வேற யாருகிட்டயும் சொல்லாத. அதிகாரி கேட்டா, தாசுதான் கூப்பிட்டான், அவன்தான் கழட்டச் சொன்னான்னு சொல்லு."

பையன் அவனை நிமிர்ந்து பார்த்தான். அப்படி ஒரு பார்வையை அந்த முகத்தில் அவன் அதுவரை கண்டதில்லை. முதல் முறையாகத் தன் தகப்பனிடம் அவனுக்குச் சுவாரசியம் பிறந்தது போல இருந்தது அது.

"சொன்னா வுட்ருவாங்களா?"

"வுட்ருவாங்க."

"தாச?"

கன்னியப்பன் கூடத்து வாசலைத் திரும்பிப் பார்த்தான். பையன் தலையைக் குனிந்துகொண்டு, உதடு நடுங்க, "தாசுதான் சார், வரலேன்னா அடிப்பேன்னான் சார்" என்று விம்மினான். கன்னத்தில் நிஜக் கண்ணீர் இறங்கியது. பிறகு புறங்கையால் துடைத்துக்கொண்டு, "இப்டி சொல்லட்டா நைனா?" என்று கேட்டான்.

அடிப்பேன் என்றதைக் கன்னியப்பன் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் நன்னடத்தை அதிகாரி வேதகிரி டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். பழைய தோல் பை. சாந்தமான பேச்சு. ஏரிக்கரை மேல் கன்னியப்பனோடு நடந்தபடி ஊரையும் வீட்டையும் பற்றி விசாரித்தார். மனசு தாங்காமல் கன்னியப்பன் கேட்டான்.

"சார், ஒரு புள்ள ஏன் சார் இப்டி ஆவறான்?"

வேதகிரி நின்றுவிட்டார். "பதினொரு வருஷ சர்வீஸ்ல என்னை யாரும் இதைக் கேட்டதில்லைங்க. எல்லாரும் எப்ப விடுவீங்கன்னுதான் கேப்பாங்க" என்று சிரித்தார். "மெட்ராஸ்ல எங்களுக்கு ட்ரெயினிங் குடுத்தப்போ ஒரு புத்தகம் பிறவியிலேயே வருதுன்னு சொல்லுச்சு. காது, தாடையெல்லாம் அளந்து பார்த்தவங்க இருக்காங்க. இன்னொரு புத்தகம், இல்லை, வறுமைன்னுச்சு. ஆசைப்பட வச்சுட்டு வழியை அடைச்சா பையன் வேலி தாண்டுவான்னு. அப்ப ஏன் எல்லா ஏழைப் பசங்களும் திருடலைன்னு கேட்டா அந்தப் புத்தகம் முழிக்கும். நீச்சல் மாதிரி, திருட்டும் கூட இருக்கறவங்க கிட்ட கத்துக்கறதுதான்னு ஒருத்தர். வீட்டுல பிடிப்பு இருந்தா கெட மாட்டான்னு ஒருத்தர். எனக்குப் பயமா இருக்கறது கடைசியாப் படிச்சதுதான். திருடன் திருடன்னு ஊரே கூப்பிட்டா, அந்தப் பேரை அவன் சட்டை மாதிரி போட்டுக்குவானாம்."

கன்னியப்பன் தலையாட்டினான். "கடமடையில ஒரு வயலு காஞ்சுதுன்னா நான் அந்த வயல பாக்க மாட்டேன் சார். கால்வாய புடிச்சுக்கினு மேல நடப்பேன். எங்கயாவது நண்டு வளை இருக்கும், எவனாவது மண்ணு போட்டிருப்பான், இல்ல மதகுலயே அடைச்சிருக்கும். ஒண்ணு இல்ல, ரெண்டு மூணுகூட இருக்கும்."

"நீங்க சொல்றதுதாங்க சரி. மேல நடந்துக்கிட்டே இருக்கணும்." பையிலிருந்து அச்சடித்த தாளை எடுத்துக் காட்டினார். "ஆனா அரசாங்கம் எனக்குக் குடுத்திருக்கற கட்டம் ரெண்டு அங்குலம்."

எவ்வளவு நல்ல மனிதர்! இவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாமே என்று கன்னியப்பனின் நெஞ்சு ஒரு கணம் துடித்தது. அந்தத் தாளில் காலியாக இருந்த கட்டத்தைப் பார்த்தான். தேவகி மூலையில் சுருண்டு கிடந்ததை நினைத்தான்.

"சேர்க்கைதான் சார். காலனில மேரி புள்ள, ஞானதாசு. அவன்தான் இட்டுக்கினு போனான்."

பக்கத்து வரப்பில் நின்ற தாயாரம்மாள் வாயைப் பிளந்தாள். ரத்தம் ரத்தம் என்று பதினைந்து நாளாகச் சொன்னவள், ஒரே மூச்சில் மாறிப்போனாள். "அப்டியா சங்கதி! நீர்க்கட்டியே சொன்னப்பறம் வேற பேச்சு இன்னா? எழுதிக்குங்க சார்."

வேதகிரி உடனே எழுதிவிடவில்லை. அந்தப் பையனையும் பார்க்க வேண்டும் என்றார். காலனிக்குப் போனார்கள். கன்னியப்பனும் கூடப் போக வேண்டியதாயிற்று.

மேரி அப்போதுதான் களையெடுப்பிலிருந்து வந்து, சேற்றுக் காலோடு வாசலில் நின்றாள். புருஷன் செத்து ஆறு வருஷம். கன்னியப்பனின் நிலத்திலேயே நடவுக்கும் அறுப்புக்கும் வருகிறவள். ஞானதாஸ் ஆட்டுக்குட்டி ஒன்றுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

வேதகிரி விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. யார் சொன்னார்கள் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

"எவன் சொன்னான் சாமி அப்டி? எம்புள்ள ஓடிப்போயி தடுத்தான் சாமி! வந்து எங்கிட்ட அழுதான். 'யம்மா, நீர்க்கட்டி வூட்டுல சொல்லிடட்டா'ன்னான். நான்தான் பெரிய வூட்டு பேச்சு நமக்கு வேணாம்னு அடக்கி வச்சேன்." அவள் சட்டென்று கன்னியப்பன் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தில் எவ்வளவு நிம்மதி! "தோ, நீர்க்கட்டியாரே கீறாரே! அவர கேளுங்க சாமி. இந்த ஊர்ல பொய் சொல்லாத வாய் ஒண்ணு கீதுன்னா அது அவரு வாய்தான். சொல்லுங்க நீர்க்கட்டியாரே. எம்புள்ள எப்டிப்பட்டவன்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்றதுக்கு நான் கட்டுப்படறேன்."

வெயில் உச்சியில் நின்றது. ஞானதாஸ் கையில் தழையோடு நிமிர்ந்து பார்த்தான். அவனும் பயப்படவில்லை. நீர்க்கட்டி சொல்லப்போகிறார் அல்லவா?

கன்னியப்பன் வேதகிரியின் பக்கம் திரும்பினான்.

"அவன்தான் கூட்டிக்கினு போனான்" என்றான்.

மேரி கத்தவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. மிக மெதுவாக மகனைத் திரும்பிப் பார்த்தாள். "டேய், நெசமாடா?" என்று கேட்டாள். பெற்ற பிள்ளையை விட அந்த மனிதனின் வார்த்தையை அவள் அதிகம் நம்பினாள். ஐயோ, அந்தக் கேள்வி காதில் விழுந்தபோது ஞானதாஸின் முகம்! கன்னியப்பன் அதற்குப் பிறகு வாழ்ந்த நாளெல்லாம் எதை மறந்தாலும் அதை மறக்கவில்லை.

வேதகிரி திண்டாட்டத்தோடு பேனாவைத் திறந்தார். தகப்பன் இல்லை, தாய் பகலெல்லாம் வேலைக்குப் போகிறவள், பையன் பள்ளிக்கூடம் விட்டு இரண்டு வருஷம், வீட்டில் ஒரு வேளைதான் உலை. அவர் படித்த புத்தகங்கள் எல்லாம் அந்தக் குடிசை வாசலில் வந்து ஒத்துப்போய் நின்றன. ஓட்டுக் கூரையும் வண்டி மாடும் உள்ள கன்னியப்பன் வீட்டில்தான் ஒன்றும் பொருந்தாமல் இருந்தது.

அடுத்த மாதம் ஞானதாசை மூன்று வருஷத்துக்குச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். கன்னியப்பன் ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, முத்துவேலைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினான். பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து, வாங்கிக்கொடுத்த பன்னைத் தின்றான். வழியில் ஒரு தடவைதான் பேசினான்.

"தாசு எதுவும் சொல்லலியா நைனா?"

"சொன்னான்."

"நம்பலியா?"

"இல்ல."

"நீ சொன்னதத்தான் நம்பினாங்களா?"

கன்னியப்பன் வெளியே பார்த்தான். பையன் பன்னின் கடைசித் துண்டை மென்று விழுங்கிவிட்டு, அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான். குழந்தையாக இருந்தபோது சாய்ந்தது போலவே. அந்தக் கனம் அவனுக்கு இனிக்கவில்லை.

தேவகி ஆரத்தி எடுத்தாள். விழுந்து விழுந்து சமைத்தாள். "உன் வாய்க்கு சர்க்கரதான் போடணும்" என்று புருஷனைப் பார்த்துக் கண்ணீரோடு சிரித்தாள். பையன் சொன்ன வேலையைச் செய்தான். மாட்டைக் குளிப்பாட்டினான். யாரும் அவனைத் திருட்டுப் பயல் என்று கூப்பிடவில்லை. தாயாரம்மாளே ஒரு நாள், "பாவம், கெட்டவன் கூட சேந்து பேர கெடுத்துக்கினான்" என்று மோர் கொடுத்தாள். மேரி மட்டும் கன்னியப்பனின் நிலத்துக்கு வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மானாம்பதிப் பக்கம் எங்கோ கல் உடைக்கப் போனாளாம்.

சித்திரையில் ஒரு பகல். கன்னியப்பன் கால்வாயில் தூர் வாரிக்கொண்டிருந்தான். காற்றில் ஒரு வாடை வந்தது. நிமிர்ந்து பார்த்தான். தாயாரம்மாள் களத்து மேட்டில் வைக்கோல் போர் எரிந்துகொண்டிருந்தது. ஒன்றல்ல, இரண்டு. பட்டப்பகல் வெயிலில் நெருப்பின் நிறமே தெரியவில்லை. காற்று மட்டும் நெளிந்து நெளிந்து மேலே போனது. எங்கோ மாடு ஒன்று கட்டுத்தறியில் கத்தியது. ஜனங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவன் கரை ஏறினான். ஏறிய இடத்தில் முத்துவேல் உட்கார்ந்திருந்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண் இமைக்காமல் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை நேரமாக உட்கார்ந்திருந்தானோ. முழங்கை வரை வைக்கோல் தூசி.

"டேய்..." என்றான் கன்னியப்பன்.

பையன் திரும்பினான். முகத்தில் பயம் இல்லை. தப்பு செய்துவிட்டோம் என்ற நினைப்பும் இல்லை. மாலையில் மாட்டை எங்கே கட்டட்டும் என்று கேட்பவனைப் போல, சாதாரணமாகத்தான் கேட்டான்.

"இந்த தபா யாரு பேர சொல்லப்போற நைனா?"

கன்னியப்பன் கையை ஓங்கினான். வாழ்க்கையில் முதல் தடவையாக. ஓங்கிய கை அப்படியே நின்றது. களத்து மேட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் அவனை நோக்கி வரப்பு மேல் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் தாயாரம்மாள், தலைமுடி அவிழ்ந்து, மாரில் அடித்துக்கொண்டு. "நீர்க்கட்டியாரே! நீ பாத்தியா? எவன் பண்ணான்? சொல்லு! நீ சொல்லு!"

அவன் தன் பிள்ளையைப் பார்த்தான். ஓடி வருகிறவர்களைப் பார்த்தான். ஓங்கிய கை மெல்ல இறங்கிப் பையனின் தோள்மேல் விழுந்து, அதைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் அவர்கள் வந்து சேர்வதற்குள்ளேயே, அவன் கூப்பிடாமலே, யாரோ ஒருவனுடைய பெயர் அவன் நாக்கில் வந்து தயாராக உட்கார்ந்திருந்தது.